கர்ப்பப்பை ஆபரேஷன்: எந்த வழி தேவலை?

ஃபைப்ராய்டு என்ற கர்ப்பப்பைக் கட்டி, ஓயாத உதிரப்போக்கு, அடி இறக்கம் இவற்றுக்காகக் கர்ப்பப்பையை எடுக்க மூன்று வழி உண்டு: பிறப்புறுப்பு வழியாக, துளை போட்டு (லேப்ராஸ்கோபி), வயிற்றைத் திறந்து. விளம்பரமெல்லாம் லேப்ராஸ்கோபிக்குத்தான், எங்கள் முதல் மதிப்பெண் பிறப்புறுப்பு வழிக்கு. வயிற்றில் தழும்பே இல்லை, செலவும் குறைவு. கர்ப்பப்பை 12 வாரக் கர்ப்ப அளவுக்குள் இருந்து, ஒட்டிக்கொள்ளாமல் அசைந்தால் இதையே முதலில் கேளுங்கள். அடி இறக்கத்துக்கு எடுப்பதானால், யோனியின் மேல்முனையைத் தசைநாரோடு சேர்த்துத் தைப்பார்களா என்றும் கேட்க வேண்டும். அந்தத் தையலை விட்டால், சில வருஷத்தில் யோனியே கீழே இறங்கி வரலாம்.

லேப்ராஸ்கோபியில் மூன்று நான்கு துளைகள்தான், சீக்கிரம் வீடு திரும்பலாம். சிக்கல், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயில். கர்ப்பப்பை வாயிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளி, கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்க்கு அடியில் அது ஓடுகிறது. மின்கருவியின் சூடு பட்டால் அன்றைக்குத் தெரியாது. ஒன்றிரண்டு வாரம் கழித்து, அடக்க முடியாமல் சிறுநீர் கசியும். உடனே ஓட வேண்டிய அறிகுறி அது. யோனித் தையல் பிரிவதும், அபூர்வமானாலும், இந்த வழியில்தான் அதிகம். குறைந்தது 8 வாரம் உடலுறவு வேண்டாம். பெரிய கட்டியைத் துண்டாக்குவதானால் பைக்குள் வைத்து வெட்டச் சொல்லுங்கள். உள்ளே தெரியாமல் புற்று இருந்தால் வயிற்றுக்குள் சிதறும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014-இல் எச்சரித்தது.

மிகப் பெரிய கட்டிக்கும் கடுமையான ஒட்டல்களுக்கும் வயிற்றைத் திறப்பதே பத்திரம். தேற ஆறு வாரமாகும். வெட்டிய இடத்தில் பின்னாளில் குடலிறக்கம் வரலாம்.

கர்ப்பப்பை வாயை விட்டுவைத்தால் தாம்பத்தியம் கெடாது என்பார்கள். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. சிலருக்கு மாதாமாதம் சொட்டு ரத்தம் தொடரும், கர்ப்பப்பை வாய்ப் புற்றைக் கண்டறியும் பாப் ஸ்மியர் பரிசோதனையும் விடாமல் எடுக்க வேண்டும். தனிக் காரணம் இல்லாமல் இதற்கு எங்கள் சிபாரிசு இல்லை.

பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் தழும்பைவிட ஓவரிதான் (சினைப்பை) பேசும். 45 வயதுக்குள் இரண்டு ஓவரியையும் எடுத்தவர்களுக்கு எலும்புத் தேய்மானமும் இதயநோயும் கூடுகின்றன; தடை ஏதும் இல்லையென்றால் இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் சிகிச்சை தேவை. விட்டுவைத்தாலும் அந்த நிறுத்தம் கொஞ்சம் முந்திக்கொள்ளலாம். கருக்குழாய்களை மட்டும் எடுப்பது நல்ல யோசனை, ஓவரிப் புற்றின் வாய்ப்பு குறையும். ஒப்புதல் படிவத்தில் ‘பிஎஸ்ஓ’ (BSO) என்ற மூன்றெழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரண்டு ஓவரியும் போகிறது. காரணம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.