கரண்ட் போனால் சோலாரும் நிற்கும்: மாடியில் 8 பேனல், 2 ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டு மாடியில் சோலார் வைத்து 2 ஆண்டுகள் ஆகிவிட்டன. 415 வாட் பேனல்கள் 8, தெரு லைனோடு சேர்ந்து ஓடும் 3 கிலோவாட் ஆன்கிரிட் இன்வெர்ட்டர் ஒன்று. பேட்டரி கிடையாது. நான் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். இரண்டு மோட்டார் மெஷின், அயர்ன் பாக்ஸ், ஃபேன் என்று பகல் முழுவதும் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். பகலில் கரண்ட் செலவாகும் வீடு என்பதால்தான் துணிந்து வாங்கினோம். வைத்த நாள் முதல் தினமும் மாலையில் இன்வெர்ட்டர் காட்டும் யூனிட்டை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

பொருள் நல்ல பொருள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்வெர்ட்டர் இதுவரை ஒரு தடவைகூடப் பழுதாகவில்லை. பொருத்த வந்த பையன்களும் வயரை பைப்புக்குள் விட்டு, எர்த் தனியாகப் போட்டு, சுத்தமாகத்தான் வேலை செய்தார்கள். என் வருத்தமெல்லாம் விற்க வந்தவரிடம்தான். எங்கள் மனதில் இருந்த தப்பான எண்ணங்களில் ஒன்றைக்கூட அவர் திருத்தவில்லை.

வைத்த இரண்டாவது மாதம், காலை 11 மணிக்குக் கரண்ட் போனது. மெஷின் நின்றது, ஃபேனும் நின்றது. வெளியே கண்ணைக் கூசும் வெயில். "இவ்வளவு வெயில் அடிக்குது, நம்ம கரண்ட் எங்கம்மா போச்சு?" என்று அத்தை கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சோலார் இருந்தால் இனிக் கரண்ட் போகாது என்று நம்பி, மறுநாள் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட துணிகள் மேசையில் கிடந்தன. ஏதோ பழுது என்று பதறி, பொருத்திய தம்பிக்குப் போன் செய்தேன். "அக்கா, ரிப்பேர் ஒண்ணும் இல்ல. அது அப்படித்தான் நிக்கணும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆன்கிரிட் இன்வெர்ட்டர் தெரு லைனின் வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் (ஃப்ரீக்வென்சி) பார்த்து, அதோடு சேர்ந்து ஓடுவது. லைன் செத்தால் அதுவும் 2 வினாடிக்குள் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். காரணம், லைனில் கரண்ட் இல்லை என்று நம்பி ஒருவர் கம்பத்தில் ஏறி வேலை செய்துகொண்டிருப்பார். அந்த நேரத்தில் நம் மாடியிலிருந்து கரண்ட் வெளியே போனால் அவர் உயிருக்கே ஆபத்து. லைன் திரும்பி வந்த பிறகும் எங்கள் இன்வெர்ட்டர் சில நிமிடம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சேர்கிறது. இது தெரிந்த பிறகு எனக்கு அதன்மேல் மரியாதைதான் வந்தது. ஆனால் வாங்கும் முன்பே சொல்லியிருந்தால், கரண்ட் போனாலும் பேட்டரியோடு சேர்ந்து ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரே வாங்கியிருப்போம். அதில் பேட்டரியை அப்புறம்கூடச் சேர்க்கலாம். இப்போது அதற்காக நல்லபடியாக ஓடும் இன்வெர்ட்டரை மாற்ற வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் அடிக்கடிக் கரண்ட் போகும் என்றால் விற்பவரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

அடுத்தது வெயில். வெயில் ஏற ஏற யூனிட்டும் ஏறும் என்றுதான் நானும் நினைத்தேன். நோட்டைப் புரட்டினால் வேறு கதை. கொளுத்தும் நடுப்பகலில் 2.6 கிலோவாட்டைத் தாண்டவில்லை. இரவெல்லாம் மழை பெய்து, காலையில் வானம் பளிச்சென்று திறந்து, குளிர்ந்த காற்று வீசிய ஒரு நாளில் 3 கிலோவாட்டைத் தொட்டது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 415 வாட் என்று எழுதியிருப்பது பேனலுக்குள் இருக்கும் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. வெயிலில் அது 60 டிகிரிக்கு மேலேகூடப் போகும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 100ல் 0.3 முதல் 0.4 பங்கு வரை குறையும். அதனால்தான் பேனலைத் தளத்தோடு ஒட்டாமல், அடியில் காற்று போக இடம் விட்டு வைக்கிறார்கள். மேகமூட்டமான நாளில் ஒன்றுமே வராது என்பதும் தப்பு. குறையும், நிற்காது. எங்கள் பேனல்கள் அடைமழை நாளில்கூட 3 யூனிட் தந்திருக்கின்றன.

என் கொழுந்தனார் 3 கிலோவாட்டை 24 மணி நேரத்தால் பெருக்கி, தினம் 72 யூனிட் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். இரவு ஒன்றும் வராது. காலை, மாலை வெயில் சாய்வு. எங்களுக்கு நல்ல நாளில் கிடைப்பது 12 முதல் 14 யூனிட். பில் பூஜ்யமாகுமா என்பது நாம் எவ்வளவு பகலில் செலவழிக்கிறோம், வெளியே அனுப்பும் யூனிட்டை எப்படிக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நான் துணி துவைப்பதையும் அயர்ன் பண்ணுவதையும் 11 மணிக்கும் 2 மணிக்கும் நடுவே மாற்றிக்கொண்டேன். அதிலேயே நல்ல வித்தியாசம் தெரிந்தது.

துடைப்பதைப் பற்றி "மழையே கழுவிடும்" என்றார்கள். பாதிதான் உண்மை. மழை இல்லாத ஒரு மாதம் விட்டுப் பார்த்தேன். கழுவும் முந்தின நாள் 11.2 யூனிட், கழுவிய மறுநாள் அதே மாதிரி வெயிலில் 12.6. வெயில் ஏறும் முன்பே, பேனல் குளிர்ந்திருக்கும்போது, மென்மையான துணியும் வெறும் தண்ணீரும் போதும். உப்புத் தண்ணீர் வெள்ளைத் தடம் விடும், அதைத் தவிருங்கள்.

"25 வருட வாரண்டி" என்பதையும் பிரித்துக் கேளுங்கள். அது பெரும்பாலும் பேனலின் உற்பத்தி இந்த அளவுக்குக் கீழே போகாது என்ற உறுதி. பேனல் உடைந்தால், பழுதானால் என்பது வேறு வாரண்டி, இன்வெர்ட்டருக்கு இன்னொன்று. பேனல் ஆண்டுக்கு 100ல் அரைப் பங்கு போல மெல்லத்தான் தேயும். இன்வெர்ட்டரை நடுவில் ஒரு தடவை மாற்ற வேண்டி வரும் என்று கையில் காசு ஒதுக்கி வையுங்கள். பேனல் செய்யச் செலவாகும் மின்சாரத்தை அது திருப்பித் தரவே தராது என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். அந்தக் கணக்கு பழையது. இன்றைய பேனல் 1 முதல் 3 ஆண்டுக்குள் அதைத் திருப்பித் தந்துவிடுகிறது.

5 நட்சத்திரத்துக்கு பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் 5 தருகிறேன். நிறுவனத்தின் சேவைக்கு 3தான். கரண்ட் போகும் விஷயத்தைச் சொல்லாததற்கு ஒன்று குறைத்தேன். இன்னொன்று நிழலுக்கு. ஒரு பேனலில் நிழல் பட்டால் எல்லாமே செத்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். நான் பழைய போர்வையால் ஒரு பேனலை 5 நிமிடம் மூடிப் பார்த்தேன். 2.4ல் இருந்து 2.1க்கு இறங்கியது, எட்டில் ஒரு பங்கு. மூடிய பேனலைத் தாண்டிக் கரண்ட் போக உள்ளேயே பைபாஸ் டயோடு இருக்கிறது. ஆனால் அந்த இழப்பு தினமும் நடந்தால் சின்ன விஷயம் இல்லை. இடம் பார்க்க வந்தவர் காலை 10 மணிக்கு வந்து, அரை மணியில் அளந்துவிட்டுப் போய்விட்டார். 3 மணிக்கு மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் கடைசிப் பேனல்மேல் ஏறுவதை அவர் பார்க்கவே இல்லை. சூரியன் தாழ்ந்து போகும் மாதங்களில் அந்த நிழல் இரண்டாவது பேனலையும் தொடுகிறது. அந்த இரண்டையும் தொட்டிக்கு மறுபக்கம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை மாலை 4 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.