ஏபிஎஸ் போதுமா, இஎஸ்சி வேண்டுமா?

கார் ஷோரூமில் கையில் தரும் விவரத்தாளில் 'பாதுகாப்பு' என்றொரு கட்டம் இருக்கும். ஏபிஎஸ், இபிடி, இஎஸ்சி, டிசிஎஸ், ஏஇபி என்று சுருக்கெழுத்துகள் அதில் வரிசைகட்டி நிற்கும். விற்பனைப் பிரதிநிதி அதன்மேல் பேனாவை ஒரு ஓட்டு ஓட்டி, "எல்லாப் பாதுகாப்பும் இருக்கிறது சார்" என்று முடித்துவிட்டுச் சன்ரூஃபுக்குத் தாவிவிடுவார். வாங்க வந்தவரும் கூடவே தாவிவிடுகிறார் என்பதுதான் வருத்தம்.

அந்தக் கட்டத்தில் இருப்பவற்றில் ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது. ஆனால் வேரியன்ட் பிரித்து விற்கும் வியாபாரம் அவற்றைப் போட்டியாளர்களாக்கி வைத்திருக்கிறது. பல மாடல்களில் கீழ் வேரியன்ட்டில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும், பிரேக்கை முன்னும் பின்னும் பங்கிடும் இபிடியும்தான். இன்னும் கொஞ்சம் கொடுத்தால், கார் வழுக்கித் திசைமாறாமல் பிடித்து நிறுத்தும் இஎஸ்சி. உச்சிக்குப் போனால், கேமராவும் ரேடாரும் பார்த்துத் தானாகவே பிரேக் போடும் ஏஇபி. பட்ஜெட் எந்தப் படியில் முட்டுகிறதோ அங்கே நின்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இஎஸ்சி இல்லாத காரை எத்தனை தள்ளுபடி தந்தாலும் வாங்க மாட்டேன். ஏஇபிக்காக மட்டும் கடன் தொகையை ஏற்றிக்கொள்ளவும் மாட்டேன்.

ஏபிஎஸ்: உங்கள் காலை நம்பியிருக்கும் கருவி

பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். கார் மட்டும் முன்னே வழுக்கிக்கொண்டு போகும். பூட்டிக்கொண்ட முன்சக்கரத்துக்குத் திசை கிடையாது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேரே போய்த்தான் மோதும். இதைத் தடுக்கத்தான் ஏபிஎஸ். ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் ஒரு சென்சார் கவனிக்கிறது. ஏதாவதொன்று திடீரென்று வேகம் இழந்தால், அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை வால்வு குறைக்கிறது, சக்கரம் மறுபடி சுழன்றதும் ஏற்றுகிறது, மீண்டும் குறைக்கிறது. ஒரு நொடிக்குள் இது பல முறை நடக்கும். டயர் முழுதாகப் பூட்டிக்கொள்ளாமல், பத்து முதல் இருபது சதவீதம் மட்டும் வழுக்கும் நிலையில்தான் சாலையை நன்றாகப் பிடிக்கும் என்பதே இதன் அடிப்படை.

1978இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களிலும் அது கட்டாயம். ஆகவே 'ஏபிஎஸ் உண்டு' என்று இன்று பெருமையடிப்பது, நான்கு சக்கரம் உண்டு என்று சொல்வதற்குச் சமம்.

ஏபிஎஸ் இருந்தால் கார் குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஈரமான தார்ச்சாலையில் பெரும்பாலும் அப்படித்தான். சரளைக்கல்லிலும் தளர்ந்த மணலிலும் கதை வேறு. பூட்டிக்கொண்ட சக்கரம் தன் முன்னால் கல்லையும் மண்ணையும் குவித்து, அதிலேயே முட்டி நிற்கும்; ஏபிஎஸ் அந்தக் குவியலைச் சேரவிடாது. அங்கே நிற்கும் தூரம் கூடவும் செய்யும். ஏபிஎஸ்ஸின் உண்மையான பரிசு தூரக் குறைப்பு அன்று. பிரேக்கை மிதித்தபடியே திருப்ப முடிகிறது என்பதுதான்.

அந்தப் பரிசை வாங்கிக்கொள்ளக் கால் ஒத்துழைக்க வேண்டும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் கடகடவென்று அதிர்ந்து பாதத்தை உதைக்கும். அடியில் ஏதோ அரைபடுவது போலச் சத்தம் கேட்கும். அதைப் பழுது என்று நினைத்துக் காலை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. பழைய கார்களில் ஓட்டிப் பழகியவர்கள், 'விட்டு விட்டு மிதி' என்று கற்றுக்கொடுத்த பாடத்தை இன்னும் காலில் வைத்திருக்கிறார்கள். ஏபிஎஸ் காரில் அப்படி மிதித்தால் நிற்கும் தூரம் நீளும். ஒரே மிதி, முழு மிதி, நிற்கும்வரை எடுக்கக் கூடாது.

பெரும்பாலானோர் ஆபத்திலும் அரைமனதாகத்தான் மிதிக்கிறார்கள் என்று கண்டுபிடித்த பிறகு, 1996இல் மெர்சிடிஸ் 'பிரேக் அசிஸ்ட்' கொண்டுவந்தது. பெடல் இறங்கும் வேகத்தை வைத்தே இது அவசரம் என்று புரிந்துகொண்டு, முழு அழுத்தத்தையும் அதுவே கொடுத்துவிடும். இபிடி என்பது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக்கைப் பங்கிடும் கணக்கு. பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் மூட்டைகளும் இருக்கும்போது பின்சக்கரத்துக்குக் கூடுதல் பங்கு, ஓட்டுநர் மட்டும் போகும்போது குறைவான பங்கு. நல்ல ஏற்பாடு, ஆனால் தனியாகப் பணம் கொடுக்க வேண்டிய விஷயம் அன்று.

எண்களில் ஒரு புதிர்

1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு டாக்சி நிறுவனத்தின் கார்களில் ஒரு பகுதிக்கு மட்டும் ஏபிஎஸ் பொருத்திக் கவனித்தார்கள். விபத்து எண்ணிக்கையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஏபிஎஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் ஓட்டுநர்கள் வளைவுகளில் துணிந்து திருப்பினார்கள், முன்வண்டியை ஒட்டிப் போனார்கள். கருவி கொடுத்ததைத் துணிச்சல் தின்றுவிட்டது. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2009இல் வெளியிட்ட மதிப்பீட்டிலும் இதேபோல் ஒரு முடிவு. ஏபிஎஸ்ஸால் கார் விபத்துகள் மொத்தத்தில் 6 சதவீதம் அளவுக்குக் குறைந்தன. உயிர்ச்சேத விபத்துகளிலோ நிகர விளைவு ஏறத்தாழப் பூஜ்யம். பாதசாரிகள்மீது மோதுவது குறைந்தது, சாலையைவிட்டுக் கார் வெளியே பாய்வது கூடியது.

இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று எனக்குச் சரியாகப் படுகிறது. சக்கரம் பூட்டிக்கொண்ட காரில், பதற்றத்தில் ஸ்டீயரிங்கை எப்படி வெட்டினாலும் வண்டி கேட்காது. ஏபிஎஸ் உள்ள கார் கேட்கும். பதறியவர் தேவைக்கு மேல் திருப்பினால், கார் அவர் சொன்னபடியே பள்ளத்துக்குள் போகும்.

இஎஸ்சி வந்த பிறகு கிடைத்த எண்களோ வேறு உலகம். ஒரே வண்டி சிக்கும் உயிர்ச்சேத விபத்துகளை இஎஸ்சி ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்பது அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பின் கணக்கு. குப்புறக் கவிழும் விபத்துகளில் குறைவு இன்னும் அதிகம். சீட் பெல்ட்டுக்குப் பிறகு இத்தனை பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்த வேறொரு கருவியை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இஎஸ்சி: கால் பிரேக்கில் இல்லாதபோதும்

நான்குவழிச் சாலையில் 90 கிலோமீட்டர் வேகம். மீடியன் இடைவெளியில் ஒரு பைக் எதிர்த்திசையில் நுழைகிறது. ஓட்டுநர் சட்டென்று இடப்பக்கம் வெட்டுகிறார், தப்பிவிட்டார். ஆனால் கார் இப்போது சாலையோர மண்ணை நோக்கிப் போகிறது. பயந்து வலப்பக்கம் வெட்டுகிறார். முதல் வெட்டில் ஒருபக்கம் சாய்ந்த எடை இந்த இரண்டாவது வெட்டில் மறுபக்கத்துக்குப் பாய்கிறது, பின்டயர்கள் பிடியை இழக்கின்றன, வண்டியின் பின்பக்கம் வீசுகிறது. அடுத்தது சுழல்வதோ கவிழ்வதோ.

இந்தச் சில நொடிகளில் ஓட்டுநரின் கால் பிரேக்கில் இல்லாமலே இருக்கலாம். மிதிக்காவிட்டால் ஏபிஎஸ்ஸுக்கு வேலையே இல்லை, அது உறங்கிக்கொண்டிருக்கும். இஎஸ்சி அப்படியில்லை. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று ஒரு சென்சார் சொல்கிறது. கார் தன் அச்சில் உண்மையில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று இன்னொன்று சொல்கிறது. பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்று மூன்றாவது. ஓட்டுநர் போக நினைத்த வழியும் கார் போகும் வழியும் ஒன்றா என்று நொடிக்கு 25 முறை ஒப்பிட்டுப் பார்ப்பதாகப் பாஷ் தன் கருவியைப் பற்றிச் சொல்கிறது. இரண்டும் விலகினால் எந்தச் சக்கரத்துக்கு பிரேக் என்று அதுவே முடிவெடுக்கும். பின்பக்கம் வீசினால் வெளிப்புற முன்சக்கரத்தை மட்டும் பிடிக்கும். முன்பக்கம் வளையாமல் நேரே இழுத்தால் உட்புறப் பின்சக்கரத்தை. தேவைப்பட்டால் இன்ஜினின் விசையையும் குறைத்துவிடும். நான்கு சக்கரத்தில் ஒன்றை மட்டும் தனியாகப் பிடிக்க எந்த ஓட்டுநராலும் முடியாது. அவருக்கு இருப்பது ஒரே பெடல்.

1995இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் கூபேயில் வந்த இது, ஆடம்பரக் காரிலேயே நெடுங்காலம் தங்கியிருக்கும் என்றுதான் நினைத்திருப்பார்கள். 1997 அக்டோபரில் சுவீடனில் ஒரு மோட்டார் பத்திரிகை, அப்போது புதிதாக வந்திருந்த மெர்சிடிஸ் ஏ-கிளாஸைத் திடீரென்று இடமும் வலமும் வெட்டித் திருப்பிப் பார்த்தது. சாலையில் மூஸ் எனும் பெரிய மான் குறுக்கிட்டால் எப்படித் திருப்ப நேருமோ, அந்தச் சோதனை. மேலே சொன்ன பைக் சம்பவத்தின் சுவீடன் வடிவம்தான். கார் கவிழ்ந்தது. நிறுவனம் விநியோகத்தை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தி, எல்லா ஏ-கிளாஸிலும் இஎஸ்பியை (இஎஸ்சிக்கு இன்னொரு பெயர்) சேர்த்தே மறுபடி விற்றது. ஒரு சின்னக் காருக்கு அது போகலாம் என்றால் மற்றவற்றுக்கும் போகலாம் என்று ஆகிவிட்டது. அமெரிக்காவில் 2012 மாடல் கார்கள் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம்.

இந்தியாவில் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த, கார்களை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் தரும் பாரத் என்சிஏபி மதிப்பீட்டில், மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க இஎஸ்சி இருந்தாக வேண்டும். 2024இல் ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ போன்ற அடிமட்ட விலைக் கார்களிலேயே மாருதி அதைக் கொடுத்துவிட்டது. இதைவிட விலை கூடிய காரை விற்கிறவர், 'செலவு கட்டுப்படியாகாது' என்று சொல்வாரானால் நம்பாதீர்கள்.

மலைப்பாதைக்கு எது?

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை நினைத்து இஎஸ்சி கேட்பவர்கள் உண்டு. இங்கே கொஞ்சம் எதிர்வாதம் செய்ய வேண்டியிருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் வேகம் இருபதைத் தாண்டாது. இஎஸ்சிக்கு அங்கே பெரிய வேலை இல்லை. இறக்கத்தில் உண்மையான எதிரி, மிதித்து மிதித்துச் சூடேறிப் பிடிக்காமல் போகும் பிரேக்தான். அதற்கு ஏபிஎஸ்ஸும் உதவாது, இஎஸ்சியும் உதவாது. இரண்டாம் கியரில் இறங்குவதுதான் மருந்து. இஎஸ்சி சம்பாதிப்பது மலையடிவாரத்துக்குப் பிறகு வரும் நெடுஞ்சாலையில், அதிலும் கோடைப் புழுதியும் எண்ணெயும் படிந்த தாரில் முதல் மழை விழும் நாளில்.

ஆனாலும் மலை ஏறுபவருக்கு இஎஸ்சி காரில் இரண்டு உபகாரங்கள் கிடைக்கும். ஈர வளைவில் ஏறும்போது உட்புறச் சக்கரம் வீணாகச் சுழல்வதை, இஎஸ்சியோடு சேர்ந்து வரும் டிசிஎஸ் அடக்கும். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கார் பின்னோக்கி உருளாமல் ஓரிரு நொடி பிடித்துக்கொள்ளும் வசதியும் அதே வால்வுகளைக்கொண்டு வருவதுதான். சேற்றிலோ கடற்கரை மணலிலோ புதைந்துவிட்டால் மட்டும் டிசிஎஸ்ஸைத் தற்காலிகமாக அணைக்க வேண்டும். சக்கரம் சுழன்றால்தான் வெளியே வர முடியும். வெளியே வந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

ஏஇபியை ஏன் தள்ளிவைக்கிறேன்

கவனம் தப்பியவருக்கு ஏபிஎஸ்ஸாலோ இஎஸ்சியாலோ பயனில்லை. ஏஇபிக்கு மட்டுமே அந்த நேரத்தில் வேலை உண்டு. முன்வண்டியின் பின்னால் மோதும் விபத்துகளை அது பாதியாகக் குறைக்கிறது என்று அதே காப்பீட்டு ஆய்வு அமைப்பு கண்டிருக்கிறது. தள்ளிவைக்க எனக்கிருக்கும் காரணம் நம் சாலை. நகர நெரிசலில் இரு கைமுட்டி அகலத்தில் ஸ்கூட்டர் நுழையும்போதெல்லாம் எச்சரிக்கை ஒலி எழுப்பினால், எரிச்சலில் அணைத்துவைக்கிறார்கள். அணைத்துவைத்த கருவிக்கு எதற்குப் பணம்? இன்னொன்று, பாதசாரிகளைக் கண்டு நிறுத்தும் ஏஇபியைப் பற்றி அந்த அமைப்பு 2022இல் வெளியிட்ட ஆய்வு. பாதசாரி விபத்துகள் மொத்தத்தில் 27 சதவீதம் குறைந்தன. தெருவிளக்கு இல்லாத இருட்டில் பயனே தெரியவில்லை. நம் நெடுஞ்சாலைகளில் ஆள் குறுக்கே வருவது பெரும்பாலும் அந்த இருட்டில்தான். பட்ஜெட்டில் இடம் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். இஎஸ்சி, ஆறு ஏர்பேக், நல்ல டயர் எல்லாம் அடங்கிய பிறகு.

டயரைச் சும்மா சேர்க்கவில்லை. இந்த மூன்று கருவிகளும் கட்டளையிடுவது டயருக்குத்தான். அங்கே பிடிமானம் தேய்ந்துபோயிருந்தால் கட்டளைக்கு மதிப்பில்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், காய்ந்த தாரில் பிரேக் பிடித்த பின் நிற்க ஏறக்குறைய 50 மீட்டர் வேண்டும். ஈரத்தில் அது 80 மீட்டரையும் தொடலாம். மிதிப்பதற்கு முன் யோசிக்கும் ஒரு நொடியில் ஓடும் 28 மீட்டர் தனி.

வாங்கும் முன் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரே கருவியை நிறுவனங்கள் பல பெயரில் விற்கின்றன: இஎஸ்சி, இஎஸ்பி, டொயோட்டாவில் விஎஸ்சி, ஹோண்டாவில் விஎஸ்ஏ. பெயரில் குழம்பாமல், நீங்கள் வாங்கப்போகும் அதே வேரியன்ட்டில் உட்கார்ந்து, இன்ஜினைக் கிளப்பாமல் இக்னிஷனை மட்டும் போடுங்கள். மீட்டர் பலகையில் ஒரு காரும் அதன் கீழே வளைந்த இரு கோடுகளும் மஞ்சள் நிறத்தில் தெரிந்து, சற்று நேரத்தில் அணைய வேண்டும். அந்தப் படம் வரவேயில்லையா, இஎஸ்சி இல்லை. பழைய கார் வாங்குகிறவர்கள் ஏபிஎஸ் விளக்கையும் இப்படியே பார்க்க வேண்டும். 2019க்கு முந்தைய கீழ் வேரியன்ட்டுகள் பலவற்றில் அதுவும் கிடையாது. விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கருவி பழுது. விலையைப் பேசும் முன் அதைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள்.