சின்னப் பிள்ளைகளோடு கடலுக்கு: மாமல்லபுரமா, அரியமானா?

பையனுக்கு ஆறு வயது, பெண்ணுக்கு மூன்று. சென்னையில் குடியிருந்துகொண்டு கடல் பார்க்க இராமநாதபுரம் வரைக்கும் போவானேன் என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். போன வருடம் மாமல்லபுரம், இந்தப் பிப்ரவரியில் அரியமான் என்று இரண்டுக்கும் போய்வந்தாயிற்று. என் ஓட்டு அரியமானுக்கு.

மாமல்லபுரத்தின் சௌகரியம் ஊரறிந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரம், எல்லா விலைக்கும் அறை, பிள்ளைகளுக்கு இட்லி தேடி அலைய வேண்டாம். வடநெம்மேலி முதலைப் பண்ணையும் வழியிலேயே இருக்கிறது. வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தான்தான் கொஞ்சம் நகர்த்தியதாகப் பையன் இன்னும் சொல்லித் திரிகிறான்.

ஆனால் தண்ணீரைக் கண்டால் பிள்ளைகள் இறங்கத்தான் கேட்பார்கள். அங்கே வங்காள விரிகுடா நேராக வந்து கரையில் மோதுகிறது. நாங்கள் நின்ற இடத்தில் மணல் சட்டென்று சரிந்தது. திரும்புகிற அலை காலடி மண்ணையும் அரித்துக்கொண்டு போனது. இரண்டு நாளும் ஆளுக்கொரு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பெண் ஒரே அலையில் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அப்புறம் மணலைவிட்டு நகரவே இல்லை.

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் இருக்கிற அரியமானில் கதையே வேறு. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல்; இலங்கை குறுக்கே கிடப்பதால் பெரிய அலை உள்ளே வருவதில்லை. இதைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அந்தப் பக்கம் சொல்கிறார்கள். நாங்கள் போன காலையில் கண்மாய்த் தண்ணீர்போலச் சலனமற்றுக் கிடந்தது. பெண் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் வயிற்றளவுக்குத்தான் வந்தது. எவர்சில்வர் டம்ளரில் மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். நான் இரண்டடி தள்ளி, கையை வீசிக்கொண்டு நின்றேன். வெயில் ஏறியதும் சவுக்கு நிழலுக்கு வந்துவிட்டோம்.

குறையும் உண்டு. ஓர் இரவு ரயிலில் கழியும். தங்க இடம் குறைவு. நாங்கள் இராமநாதபுரத்தில் அறை எடுத்தோம். கரையில் ஒதுங்கி அழுகும் கடற்புல்லின் வாடை எல்லாருக்கும் ஒத்துவராது. சொறி மீன் எங்கள் கண்ணில் படவில்லை. அதற்காக வராது என்று சொல்லமாட்டேன், இறங்குமுன் மீனவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கண்டது பிப்ரவரிக் கடலை மட்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதே பெண் கடல்தான் கொந்தளிக்கும். சனி, ஞாயிறு மட்டுமே கையில் இருந்தால் மாமல்லபுரமே போதும்.

அவ்வளவு தூரம் போனவர்கள் தனுஷ்கோடியை விடமாட்டார்கள். 1964 புயலில் அழிந்த தேவாலயத்தின் சுவர்களைக் காட்டுங்கள். தண்ணீரில் மட்டும் இறக்காதீர்கள். அங்கே நீரோட்டம் பொல்லாதது. எங்கள் பையன் அடம்பிடித்து அழுதான். வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கொடுத்து வண்டியிலேயே உட்காரவைத்தோம்.