கிரீன் கார்டு வரட்டும் என்று காத்திருப்பதா, இப்போதே ஐ-730 போடுவதா?

அமெரிக்காவில் அடைக்கலம் கிடைத்தவர், கடலூரில் இருக்கும் மனைவி பிள்ளைகளை அழைக்க இரண்டு வழிகள் உண்டு: அடைக்கலம் பெற்றவராக ஐ-730 படிவம் போடுவது ஒன்று, கிரீன் கார்டு பெற்றவராக ஐ-130 படிவம் போடுவது இன்னொன்று. கிரீன் கார்டு வந்தபின் ஐ-130 போடலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 இழுத்துக்கொண்டே போகும்போது இப்படிக் காத்திருப்பதுதான் ஆபத்து. ஐ-730-ஐ அடைக்கலம் கிடைத்த 2 ஆண்டுகளுக்குள் போட்டாக வேண்டும். கெடு தாண்டினால் மனிதாபிமானக் காரணம் காட்டித்தான் கேட்க முடியும்.

ஐ-730க்குக் கட்டணம் இல்லை, வருமான உத்தரவாதமான ஐ-864உம் வேண்டாம். ஆளுக்கு ஒரு படிவம். ஆனால் அடைக்கலம் கிடைக்கும் முன்பே திருமணம் நடந்திருக்க வேண்டும். பிறகு மணந்தவர்களுக்கு ஐ-130தான். அதில் கட்டணம், ஐ-864, விசா புல்லட்டின் (யார் முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் வரும் அமெரிக்க அரசின் பட்டியல்) வரிசை எல்லாம் உண்டு. போய் இறங்கியதுமே நிரந்தர வசிப்புரிமை என்பது அதன் பலம். ஐ-730இல் போனவர் கிரீன் கார்டுக்கு ஓராண்டு கழித்துத் தனியாக ஐ-485 போட வேண்டும்.

இரண்டிலும் மாட்டுவது பெயரில்தான். சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் என்றிருந்தால், கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வரலாம், மாதங்கள் ஓடிவிடும். முன்கூட்டியே சரிசெய்யுங்கள். தமிழ்ச் சான்றிதழோடு, மொழிபெயர்த்தவர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்ட ஆங்கிலப் பிரதியும் வேண்டும்.

கெடு இருக்கிறதா, ஐ-730-ஐ இப்போதே போடுங்கள். நடுவில் கிரீன் கார்டு வந்தாலும் அது செல்லும்.