ரொறன்ரோவிலிருந்து கிளிநொச்சி: 3 நட்சத்திரம், அதில் 2 ஐஸ் கழுவியவர்களுக்கு

விமானக் கம்பனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அடுத்த முறையும் அதே டிக்கெட்தான் மலிவாகக் கிடைக்கும், நானும் அதில்தான் போவேன். ஜனவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வர ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் ஏறினோம். போயிங் 777, இறக்கைக்குக் கொஞ்சம் பின்னால் யன்னலோரம். கதவைப் பூட்டி நகர்ந்த பிளேன், ஓடுபாதைக்குப் போகாமல் வேறொரு வெளியில் போய் நின்றது. ஒன்றரை மணித்தியாலம்! அறிவிப்பு ஒன்றே ஒன்று, "சிறிது தாமதம்" என்பதோடு சரி. தண்ணீர் கேட்டால் "பிறகு". ஒரு நட்சத்திரம் அதற்கே போய்விட்டது, இன்னொன்று சாப்பாட்டுக்கு.

ஆனால் யன்னலுக்கு வெளியே நடந்தது வேறு கதை. இரண்டு பக்கமும் லொறிகள் வந்தன, உயரத் தூக்கிய கூண்டிலிருந்து செம்மஞ்சள் திரவத்தை ஆவி பறக்க அடித்தார்கள். விசுவமட்டில் வயல் செய்த அம்மா பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, நெல்லுக்கு மருந்தடிக்கிற மாதிரி அடிக்கினம்?" என்றா. உள்ளே பாணி காய்ச்சுகிற மாதிரி ஒரு இனிப்பு மணம் வேறு.

அந்த லொறியில் முன்பு வேலை செய்த மச்சான் ஒருவர் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். செம்மஞ்சள் என்பது கிளைக்கோலும் (உறையவிடாமல் தடுக்கிற திரவம்) தண்ணீரும், 60 பாகைக்கு மேல் சூடாக்கி அடிப்பார்கள், படிந்த பனியைக் கரைத்துக் கழுவிவிடும். பிறகு வருகிற பச்சை தடிப்பானது, புதிதாக விழும் பனி இறக்கையில் ஒட்டாமல் பார்க்கும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். வரிசையில் நின்று அந்த நேரம் கடந்துவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். அரத்தாள் போன்ற மெல்லிய சொரசொரப்புக்கூட இறக்கையின் தூக்குவிசையில் 30 சதவீதம் வரை குறைத்துவிடுமாம், அதனால் "கொஞ்சம்தானே" என்று விட முடியாது. ஓடுபாதையில் வேகம் ஏற ஏற அந்தப் பச்சை வரி வரியாகப் பின்னால் வழிந்து, மேலெழும்பும் நேரத்தில் இறக்கை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அம்மா யன்னலை விட்டு முகத்தை எடுக்கவேயில்லை.

மேலே போனபின் லொறி இல்லையே? அங்கே எஞ்சினே பார்த்துக்கொள்ளும். எஞ்சின் அமுக்கிய சூடான காற்றில் கொஞ்சத்தைக் குழாயில் எடுத்து, இறக்கையின் முன்விளிம்புக்குள் சிறு துளைகளால் அடிக்கிறார்கள். 777-இல் முழு விளிம்புக்கும் இல்லை, ஒரு பக்கத்துக்கு மூன்று துண்டுக்குத்தான். எஞ்சின் வாய்க்கும் அதே சூடு. 1982 ஜனவரியில் வாஷிங்டனில் ஒரு 737 எஞ்சினுக்கான அந்தச் சூட்டைப் போடாமலே கிளம்பி, எஞ்சினின் வலுவைக் காட்டும் அளவுகருவி உள்ளதைவிடக் கூட்டிப் பொய்க் கணக்குக் காட்ட, பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. 78 பேர் செத்தார்கள். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

திரையில் வெளியே -54 பாகை என்று காட்டியதும், "இங்கைதானே இன்னும் உறையோணும்?" என்று கேட்டா. நல்ல கேள்வி. அந்தக் குளிரில் காற்றில் திரவத் துளியே அநேகமாக இல்லை, ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆபத்து கீழே, மேகத்துக்குள், உறையாமல் மிதக்கிற குளிர்துளிகளில்.

குளிர்காலத்தில் வருகிறவர்கள் பிளேன் மாறும் இடத்தில் குறைந்தது 3 மணித்தியாலம் விட்டு டிக்கெட் போடுங்கள். எங்களுக்கு மிஞ்சியது 50 நிமிடம், அம்மாவின் முழங்கால் கிளிநொச்சி வந்து ஒரு கிழமையாகியும் இன்னும் நோகிறதாம்.