போர்ட்டேஜ் லேக்கா, ரென்ஃப்ரூவா?

தொழில்முறை ஐஸ் ஹாக்கியின் ஆரம்ப வரலாற்றை இந்த இரண்டில் எந்த அணியிலிருந்து தொடங்குவது என்று குழம்புபவர்களுக்கு, என் கணக்கு இது.

ஊர்: போர்ட்டேஜ் லேக் அணிக்கு, அமெரிக்காவில் மிச்சிகனின் ஹௌட்டன், செம்புச் சுரங்கப் பகுதி. ரென்ஃப்ரூ, கனடாவில் ஒன்டாரியோவின் சிற்றூர்.

முன்னின்று நடத்தியவர்: போர்ட்டேஜ் லேக்கில் ஜாக் கிப்சன், தொழில் பல் டாக்டர். ரென்ஃப்ரூவில் ஆம்ப்ரோஸ் ஓப்ரையன், பின்னால் அப்பாவின் வெள்ளிச் சுரங்கப் பணம்.

காசு: ரென்ஃப்ரூவில்தான் வேடிக்கை. நட்சத்திர ஆட்டக்காரர் சைக்ளோன் டெய்லருக்கு 1909-10 சீசனில் 5,250 டாலர். மொத்தமே 12 ஆட்டம்தான்! அப்புறம் ஆட்டக்காரர்கள் லெஸ்டர், ஃபிராங்க் பேட்ரிக் சகோதரர்களுக்குத் தனிச் சம்பளம். அணியை ‘மில்லியனர்கள்’ என்றே அழைத்தார்கள்.

கோப்பை: போர்ட்டேஜ் லேக், தான் ஆடிய சர்வதேச தொழில்முறை ஹாக்கி லீக்கில் 1906, 1907 இரண்டிலும் சாம்பியன். ரென்ஃப்ரூவுக்கு கனடா ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பை கிடைக்கவே இல்லை.

ஆயுள்: போர்ட்டேஜ் லேக் ஆடிய லீக் 1907-லும், ரென்ஃப்ரூ அணி 1911-லும் முடிந்தன. போர்ட்டேஜ் லேக் ஆடிய ஹௌட்டன் அரங்கம் 1927-இல் எரிந்தாலும், அதே இடத்தில் எழுந்த டீ ஸ்டேடியம் இன்றும் இருக்கிறது.

சம்பள ஆட்டம் எப்படி முளைத்தது என்று பார்க்கணுமா, போர்ட்டேஜ் லேக். பணம் போட்டும் தோற்ற கதை வேண்டுமா, ரென்ஃப்ரூ. இரண்டிலும் ஆடியவர் டெய்லர். முடிவு வராவிட்டால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.