கல்லடி: பழைய பாலமா, புதிய பாலமா?

கல்லடியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்குச் சைக்கிளில் போகிறவர் வாவியைக் கடக்க இரண்டு பாலங்கள் இருக்கின்றன. ஜப்பான் உதவியில் 2013இல் திறந்த புதியது அகலமானது. ஏ4 வீதியின் போக்குவரத்து முழுக்க அதில்தான்: கல்முனை பஸ், டிப்பர், ஓட்டோ. நேரம் பிந்திய நாளில் நானும் அதில்தான் மிதிப்பேன். ஆனால் முதுகுக்குப் பின்னால் பஸ் ஹோர்ன் கேட்டால் ஹேண்டில் தானாகவே ஓரத்துக்குச் சாய்ந்துவிடும்.

பக்கத்தில் நிற்கும் பழைய இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டுக்குரியது. பிரித்தானியர் கால ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் ‘லேடி மனிங் பாலம்’. ஒரு வாகனம் போகும் அகலம்தான். முன்பெல்லாம் எதிர்ப்பக்கத்து வாகனங்கள் வந்து முடியும்வரை கரையில் காத்துக் கிடப்போம். எரிச்சல் தந்த அதே ஒடுக்கம்தான் இப்போது சைக்கிளுக்குக் காவல், பஸ்ஸும் லொறியும் எட்டிப் பார்ப்பதில்லை. விடியலில் தூண்டில்காரர் கை ஓங்கும்போது மட்டும் தலையைக் குனிய வேண்டும். வாளியில் திரளி துள்ளினால் சைக்கிள் தன்பாட்டில் நின்றுவிடும். பூரணையில் வாவிக்குள்ளிருந்து எழும் ‘பாடும் மீன்’ ஓசைக்குக் காது கொடுக்க வருகிறவர்களையும் கவனிக்க வேண்டும்.

மகளைப் பின்னால் ஏற்றினால் எனக்குப் பழையதுதான், ஐந்து நிமிடம் பிந்தினாலும் சரி.